கூரையின் வெயிலுக்கு என்ன வேலை?

வீட்டுக்குச் சோலார் போடலாமா என்ற பேச்சு இப்போது தமிழ்நாட்டின் எந்தத் தெருவிலும் கேட்கிறது. 2024 பிப்ரவரியில் மத்திய அரசு ‘பிரதமரின் சூர்ய கர்’ திட்டத்தை அறிவித்து, ஒரு கோடி வீடுகளை இலக்காக வைத்து 75,021 கோடி ரூபாய் ஒதுக்கிய பிறகு அந்தப் பேச்சு வேகமெடுத்திருக்கிறது. ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் என்றால் 78,000 ரூபாய் மானியம். பேச்சு பெரும்பாலும் இந்த எண்களில் தொடங்கி இந்த எண்களிலேயே முடிந்துவிடுகிறது. எத்தனை கிலோவாட், எந்தக் கம்பெனி, போட்ட பணம் எத்தனை ஆண்டில் திரும்பும்? எல்லாம் கேட்க வேண்டிய கேள்விகள்தாம். ஆனால் இவற்றுக்கு முன்னால் குடும்பமாக உட்கார்ந்து பேச வேண்டிய ஒன்று விடுபட்டுப்போகிறது. அந்த மின்சாரம் நம் வீட்டில் எந்த வேலையைச் செய்ய வேண்டும்?

மின்கட்டணம் குறைய வேண்டும் என்பது ஒருவரின் எதிர்பார்ப்பு. கரண்ட் போனாலும் மின்விசிறி நிற்கக்கூடாது என்பது இன்னொருவருடையது. நிலக்கரிப் புகைக்கு நம் வீடு காரணமாக இருக்க வேண்டாம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். மீதி மின்சாரத்தை விற்று வருமானம் பார்க்கலாம் என்று கணக்குப் போடுபவர்களும் இருக்கிறார்கள். நான்குமே நியாயமான விருப்பங்கள். ஆனால் ஒன்றுக்குப் பொருத்தமான கருவி இன்னொன்றுக்கு உதவாமல் போகலாம். எதை வேண்டி வாங்குகிறோம் என்று தெளிவில்லாமல் வாங்கியவர்கள்தான் பிறகு ‘சோலார் சரிப்படாது’ என்று சொல்லி அக்கம்பக்கத்தாரின் ஆர்வத்தையும் தணித்துவிடுகிறார்கள். அந்த ஏமாற்றத்தைத் தவிர்ப்பது நம் எல்லோருக்கும் நல்லது.

கட்டணத்திலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் பெரும்பாலானோர் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். தமிழ்நாட்டில் 2016 முதல் எல்லா வீடுகளுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் படிப்படியாக விலை ஏறுகிறது. இரண்டு மாதத்தில் 200 யூனிட் பயன்படுத்தும் வீட்டுக்கு 250 ரூபாய்கூட வராது. அந்த வீட்டார் கடன் வாங்கிச் சோலார் போட்டால் கட்டணத்தில் மிச்சமாவது மிகச் சிறிய தொகை. 700 யூனிட் பயன்படுத்தும் வீட்டின் நிலை வேறு. அங்கே கட்டணம் 3,800 ரூபாயைத் தாண்டுகிறது. கடைசி நூறு யூனிட்டில் ஒவ்வொன்றுக்கும் ஒன்பது ரூபாய்க்கு மேல் கொடுக்கிறார்கள்.

நம் ஊர் வெயிலில் ஒரு கிலோவாட் சோலார் சராசரியாக நாளுக்கு நான்கு யூனிட் தரும். இரண்டு கிலோவாட் என்றால் இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 480 யூனிட். 700 யூனிட் வீட்டில் இந்த அளவைக் கழித்தால் மீதி 220 யூனிட்டுக்கான கட்டணம் 350 ரூபாய்க்குள் அடங்கிவிடும். மின்வாரியம் சோலார் வீடுகளிடம் வாங்கும் மற்றக் கட்டணங்களை இதில் சேர்க்கவில்லை. சோலார் முதலில் வெட்டுவது விலை கூடிய யூனிட்டுகளைத்தான் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். மூன்றாவது கிலோவாட்டைச் சேர்த்தால் அது வெட்டப்போவது பெரும்பாலும் இரண்டரை ரூபாய்க்கும் குறைவான யூனிட்டுகளை. மானியம் மூன்று கிலோவாட்வரை கூடிக்கொண்டே போகிறது என்பதற்காக எல்லோரும் மூன்று கிலோவாட் போட வேண்டியதில்லை. மானியம் என்பதும் நம் எல்லோருடைய வரிப்பணம்தான். தேவைக்கு ஏற்ற அளவில் வாங்கினால் அந்தப் பணம் இன்னும் பல வீடுகளுக்குப் போய்ச் சேரும்.

அளவை முடிவுசெய்யும் முன்னால் செலவைக் குறைக்க முடியுமா என்றும் பார்த்துவிடலாம். பழைய மின்விசிறி 75 வாட் இழுக்கிறது. இப்போது வரும் பி.எல்.டி.சி. மின்விசிறி 30 வாட்டில் அதே காற்றைத் தருகிறது. ஒரு வீட்டில் நான்கு மின்விசிறிகள் நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால், மாற்றிய நாளிலிருந்து தினம் இரண்டு யூனிட் மிச்சம். அது அரை கிலோவாட் சோலார் தரும் மின்சாரத்துக்குச் சமம். இந்த வழிக்கு மொட்டைமாடி தேவையில்லை, யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை, வாடகை வீட்டிலும் செய்யலாம். சோலார் விற்பவர்கள் இதைத் தாமே முன்வந்து சொன்னால் அவர்கள்மீதுள்ள நம்பிக்கை கூடும் என்பது நம் எண்ணம்.

மின்வெட்டுக்காகச் சோலார் கேட்பவர்களின் கதை வேறு. 2012-ல் பல மாவட்டங்களில் நாளின் பாதிக்கு மேல் மின்சாரம் இல்லாமல் நாம் பட்ட பாட்டை யாரும் மறந்திருக்க மாட்டோம். அப்போது வீட்டுக்கு வீடு வந்ததுதான் இன்வெர்ட்டரும் பேட்டரியும். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தபோது நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சேதமடைந்தன. பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் இருந்தன. 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னைக்கும் அந்த அனுபவம் உண்டு. ஆகவே ‘கரண்ட் போனால் நமக்குச் சோலார் இருக்கிறது’ என்ற நம்பிக்கை மிக இயல்பானது.

ஆனால் மானியத்தில் பெரும்பாலான வீடுகளில் பொருத்தப்படும் ஆன்-கிரிட் அமைப்பு அந்த நம்பிக்கையை நிறைவேற்றாது. மின்வாரியக் கம்பியில் மின்சாரம் நின்றதும் அந்த இன்வெர்ட்டரும் தானாகவே நின்றுவிடும். உச்சி வெயிலில் மாடி நிறையப் பேனல் இருந்தும் கீழே மின்விசிறி சுற்றாது. இதைக் குறைபாடு என்று நினைத்து வருத்தப்படுபவர்கள் அதன் காரணத்தையும் அறிந்துகொள்ள வேண்டும். கம்பம் சாய்ந்த தெருவில் லைன்மேன் ஒருவர் ஏறி வேலை செய்துகொண்டிருப்பார். மெயின் லைனை நிறுத்திவிட்டுத்தான் ஏறியிருப்பார். அந்த நேரத்தில் நம் கூரையிலிருந்து மின்சாரம் அதே கம்பிக்குள் பாய்ந்தால் அவர் உயிருக்கு ஆபத்து. அவர் பாதுகாப்புக்காகத்தான் நம் இன்வெர்ட்டர் நிற்கிறது. கஜா நேரத்தில் மற்ற மாவட்டங்களிலிருந்து வந்து வயலுக்குள் இறங்கிக் கம்பம் நட்ட ஊழியர்களை நினைத்துப் பார்த்தால் இந்த ஏற்பாட்டின் நியாயம் விளங்கும். இதை விற்பனையாளர் முன்கூட்டியே, எழுத்தில், தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். வாங்குபவரும் கேட்க வேண்டும்.

மின்வெட்டிலும் இயங்க வேண்டும் என்றால் பேட்டரியோடு கூடிய ஹைபிரிட் அமைப்பு வேண்டும். அதில் வீட்டின் அவசியமான பகுதி மட்டும் தனியே பிரித்து இணைக்கப்படும். மின்வெட்டின்போது கம்பிக்குள் எதுவும் போகாது. வீட்டுக்குள் மட்டும் விளக்கு எரியும். செலவு கூடும் என்பது உண்மைதான். ஆனால் எவ்வளவு சேமிப்பு தேவை என்று கணக்கிட்டால் பலருக்கு வியப்பாக இருக்கும். நான்கு எல்.இ.டி. விளக்கு, மூன்று சிக்கன மின்விசிறி, ஒரு ஃபிரிட்ஜ், இணைய இணைப்புக் கருவி எல்லாம் சேர்ந்து சராசரியாக 200 வாட் அளவில் நிற்கும். ஒரு யூனிட் சேமிப்பில் ஐந்து மணி நேரம் ஓடும். 2012-லிருந்து நம் வீடுகளில் மூலையில் இருக்கும் 150 ஆம்பியர்-மணி பேட்டரியே ஏறக்குறைய அந்த அளவைத் தரக்கூடியது. ஏ.சி.யும் ஹீட்டரும் ஓட வேண்டும் என்ற ஆசையை விட்டுவிட்டால் பெரிய பேட்டரிக்கான தேவையும் போய்விடுகிறது. இன்சுலினை ஃபிரிட்ஜில் வைத்திருக்கும் வீடு, ஆக்சிஜன் கருவியோடு முதியவர் படுத்திருக்கும் வீடு ஆகியவற்றின் தேவை வேறு. அவர்களுக்குச் சேமிப்பு வசதி என்ற நிலையைத் தாண்டி உயிர்காக்கும் ஏற்பாடு ஆகிறது. மானியங்களைத் திட்டமிடும்போது அரசு இவர்களைத் தனியாகக் கணக்கில் எடுத்துக்கொள்வது நல்லது.

மூன்றாவதாக, விற்று வருமானம் பார்க்கலாம் என்ற எண்ணம். இங்கேதான் வீட்டுக்காரரும் மின்வாரியமும் எதிரெதிரே நின்று பேசும் நிலை வருகிறது. இருவர் சொல்வதையும் பொறுமையாகக் கேட்க வேண்டிய இடமும் இதுதான்.

வீட்டுக்காரரின் வாதம் எளிதில் தள்ளிவிடக் கூடியதன்று. அவர் தன் சேமிப்பைப் போட்டிருக்கிறார். தன் கூரையைக் கொடுத்திருக்கிறார். கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் அமைக்கச் சுமார் 2,500 ஏக்கர் நிலம் வேண்டியிருந்தது. மொட்டைமாடிக்கு ஒரு சென்ட் புது நிலமும் வேண்டாம். மின்சாரம் உருவான இடத்திலேயே செலவாவதால் நெடுந்தூரக் கம்பிகளில் வீணாகும் அளவு குறைகிறது. 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட் என்ற உச்சத்தைத் தொட்டது. அப்படிப்பட்ட கோடை நாட்களில், ஏ.சி.க்கள் ஓடும் நண்பகலில், ஒவ்வொரு கூரையும் தன் பங்குக்குச் சுமையைக் குறைக்கிறது. இதற்கு உரிய விலை கேட்பது பேராசை ஆகாது.

மின்வாரியத்தின் வாதத்திலும் உண்மை இருக்கிறது. பகலில் 300 யூனிட்டைக் கம்பிக்குள் அனுப்பிவிட்டு இரவில் 300 யூனிட்டைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் வீட்டின் நிகரக் கணக்கு பூஜ்யம். ஆனால் அந்த வீட்டுக்காக டிரான்ஸ்பார்மர் நின்றது, கம்பி நின்றது, லைன்மேன் இரவுப் பணியில் இருந்தார். மாலை ஆறு மணிக்குச் சூரியன் இறங்கும் அதே நேரத்தில் விளக்கும் தொலைக்காட்சியும் மின்விசிறியும் ஓடத் தொடங்குகின்றன. அந்த நேரத்துக்கு வாரியம் விலை கூடிய மின்சாரத்தை வாங்க வேண்டியிருக்கிறது. நண்பகல் யூனிட்டும் இரவு எட்டு மணி யூனிட்டும் மீட்டரில் ஒரே எண்ணாகத் தெரிந்தாலும் அவற்றின் அடக்கவிலை ஒன்றல்ல. வசதியுள்ள வீடுகள் எல்லாம் சோலாருக்கு மாறிக் கட்டணம் குறைந்துவிட்டால், கம்பியையும் கம்பத்தையும் பராமரிக்கும் செலவு கூரையில்லாத குடும்பங்களின் தலையில் விழுமே என்ற கவலையும் வெறும் சாக்கு அல்ல.

அண்டையில் நடந்தவை நமக்குப் பாடமாக உதவும். இலங்கையில் 2016-ல் தொடங்கிய கூரைச் சூரியசக்தித் திட்டம் நன்றாகப் பரவியது. 2022 நெருக்கடியில் பதின்மூன்று மணி நேரம்வரை மின்வெட்டைச் சந்தித்த மக்கள் அந்தப் பக்கம் திரும்பியதில் வியப்பில்லை. ஆனால் 2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், பாணந்துறைத் துணைமின் நிலையத்தில் ஏற்பட்ட கோளாறு நாடு முழுவதையும் இருட்டாக்கியது. மின்தேவை குறைந்த விடுமுறை நாளில் சூரிய மின்சாரம் பெரும்பங்கு வகித்ததால் மின்கட்டமைப்பால் அதிர்ச்சியைத் தாங்க முடியவில்லை என்று இலங்கை மின்சார சபை விளக்கியது. அடுத்து வந்த ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில், பிற்பகல் மூன்று மணிவரை கூரை இன்வெர்ட்டர்களைத் தாமாக நிறுத்திவைக்கும்படி வீட்டுக்காரர்களை அது கேட்டுக்கொண்டது. கேரளத்திலும் 2025-ல் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் வெளியிட்ட வரைவு விதிகள், பெரிய கூரை அமைப்புகளுக்குப் பேட்டரியைக் கட்டாயமாக்க முனைந்தபோது மக்கள் கடுமையாக எதிர்த்தார்கள். இரண்டு இடங்களிலும் ஆர்வம் முன்னால் ஓடியது. ஏற்பாடுகள் பின்தங்கின. பேனல் போட்ட வீட்டுக்காரரைக் குற்றம் சொல்வதில் நியாயமில்லை. கட்டமைப்பைக் காக்க வேண்டிய பொறியாளரையும் வில்லனாக்க வேண்டாம். போட்டு முடித்த பிறகு விதியை மாற்றினால் மனக்கசப்பு மிஞ்சும். போடும் முன்பே உட்கார்ந்து பேசிவிட்டால் அது நேராது. தமிழ்நாட்டுக்கு அந்த நேரம் இன்னும் கையில் இருக்கிறது.

அப்படிப் பேசினால் நடுவழி ஒன்று தெரியத்தான் செய்கிறது. வீட்டுக்காரர் தன் தேவைக்கு அருகிலான அளவில் அமைத்து, விளைந்த மின்சாரத்தில் முடிந்த மட்டும் பகலிலேயே செலவிட வேண்டும். ஓவர்ஹெட் டேங்குக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார், துணி துவைக்கும் எந்திரம், மாவு அரைக்கும் கிரைண்டர், அயர்ன் பாக்ஸ், மின்சார ஸ்கூட்டரின் சார்ஜர் எல்லாவற்றையும் காலை பத்து மணியிலிருந்து பிற்பகல் மூன்று மணிக்குள் ஓட்டினால் மாலைச் சுமை குறையும். வீட்டில் பகலில் யாரும் இல்லாதவர்களுக்கு இது கடினம்தான். டைமர் சுவிட்ச் ஓரளவு உதவும். முடியாதவர்களை நாம் குறைசொல்லலாகாது.

மின்வாரியத்தின் பக்கமிருந்து எதிர்பார்க்க வேண்டியவையும் உண்டு. 2024 பிப்ரவரியில் திருத்தப்பட்ட மத்திய விதிகளின்படி 10 கிலோவாட்வரையிலான கூரை அமைப்புக்குத் தனியாகத் தொழில்நுட்ப ஆய்வு தேவையில்லை. அந்த விதியின் பயன் பிரிவு அலுவலகத்தின் மேசைவரை வந்துசேர வேண்டும். கம்பிக்கு அனுப்பியதையும் எடுத்ததையும் அளக்கும் நெட் மீட்டர் கையிருப்பில் இல்லை என்ற பதில் வரக்கூடாது. எத்தனை யூனிட் ஏற்றுமதியானது, எத்தனை இறக்குமதியானது, எதற்கு என்ன கட்டணம் என்பதைச் சாதாரணக் குடும்பத்தலைவிக்கும் விளங்கும் தமிழில் பில்லில் அச்சிட வேண்டும். கட்டமைப்பைப் பயன்படுத்துவதற்குக் கட்டணம் வாங்குவதானால் அதன் கணக்கைத் திறந்து காட்ட வேண்டும். போட்டுவிட்டவர்களுக்கு ஒப்புக்கொண்ட விதியை இடையில் மாற்றாமல் இருக்க வேண்டும். 2024-ல் மின்வாரியம் பிரிக்கப்பட்டுப் பகிர்மானத்துக்கும் பசுமை மின்சாரத்துக்கும் தனித்தனி நிறுவனங்கள் வந்திருக்கும் இந்த வேளையில், இத்தகைய தெளிவை எதிர்பார்ப்பது அதிகமில்லை.

மாலை நேரச் சிக்கலை வீடுகளின் தலையில் மட்டும் சுமத்த முடியாது. ஆழியாறு மலைப்பகுதியில் கடம்பாறையில் 400 மெகாவாட் நீரேற்று மின்நிலையம் 1980-களின் இறுதியிலிருந்து இருக்கிறது. மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் நீரை மேல் அணைக்கு ஏற்றி, தேவை கூடும் நேரத்தில் இறக்கி மின்சாரம் எடுக்கும் ஏற்பாடு அது. பகல் சூரிய மின்சாரத்தை மாலைக்கு வைத்துக்கொள்ள இதைவிடப் பழகிய வழி நம்மிடம் இல்லை. நீலகிரி குந்தாவில் 500 மெகாவாட் அளவில் எழுந்துவரும் நிலையமும் இதே வேலைக்குத்தான். இவை நன்றாக இயங்கும் அளவுக்கு வீடுகள்மீதான நிபந்தனைகள் இளகும்.

2023-ல் திருத்தப்பட்ட மத்திய விதிகள் ஸ்மார்ட் மீட்டர் உள்ள இடங்களில் சூரிய நேரத்துக்குக் குறைந்த கட்டணமும் உச்ச நேரத்துக்குக் கூடுதல் கட்டணமும் இருக்க வேண்டும் என்கின்றன. கொள்கையளவில் இது நியாயமே. ஆனால் நாள் முழுக்க வேலைக்குப் போய்விட்டு இரவு எட்டு மணிக்கு அடுப்பு மூட்டும் குடும்பத்துக்கு நேரத்தை மாற்றிக்கொள்ளும் வசதி எங்கே இருக்கிறது? சிறு பயன்பாட்டு வீடுகளை இந்த ஏற்றத்திலிருந்து விலக்கிவைத்தால் மட்டுமே இதை எல்லோரும் ஏற்றுக்கொள்ள முடியும்.

இதுவரை பேசியதெல்லாம் சொந்தக் கூரை உள்ளவர்களைப் பற்றி. அது இல்லாதவர்களை விட்டுவிட்டு இந்தப் பேச்சு முழுமையாகாது. வாடகை வீட்டில் இருப்பவர் மாடியில் இருபத்தைந்து ஆண்டு உழைக்கும் பேனலைப் பொருத்த மாட்டார். வீட்டு உரிமையாளருக்கோ கட்டணம் கட்டுவது தாம் அல்ல என்பதால் அக்கறை குறைவு. இருவரும் பேசி, உரிமையாளர் முதல் போட்டு, மிச்சமாகும் கட்டணத்தில் ஒரு பகுதியை வாடகையோடு பெற்றுக்கொள்ளும் ஏற்பாடு இருவருக்கும் லாபம். வாடகை ஒப்பந்தத்தில் இதற்கு இரண்டு வரி சேர்த்துவிட்டால் பிற்காலத்தில் சண்டை வராது.

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வாய்ப்பு இன்னும் பெரியது. கூரை ஒன்று, உரிமையாளர்கள் நாற்பது பேர் என்பதால் எல்லோருக்கும் தனித்தனியே பங்கிட முடியாது. ஆனால் லிஃப்ட், மோட்டார், நடைவிளக்கு ஆகியவற்றுக்கான பொது இணைப்புக்குப் பல குடியிருப்புகளில் யூனிட்டுக்கு எட்டு ரூபாய்க்கு மேல் கட்டுகிறார்கள். அந்த இணைப்பில் சோலார் சேர்ந்தால் பராமரிப்புச் சந்தா குறைவதை ஒவ்வொரு வீடும் உணரும். இதற்கும் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மத்திய மானியம் உண்டு. மோட்டாரை நண்பகலில் ஓட்டுவது குடியிருப்பின் மேலாளர் ஒருவர் தீர்மானித்தால் முடிகிற காரியம். அசோசியேஷன் கூட்டங்களில் இதற்கு எழும் எதிர்ப்புகளையும் மதிக்க வேண்டும். மேல்மாடிக்காரர் கூரை ஒழுகுமோ என்று அஞ்சுகிறார். சிலருக்குத் துணி காயப்போடவும் வடாம் பிழியவும் இடம் போய்விடுமே என்ற வருத்தம். தளம் துளைக்காமல் கட்டைகளின்மேல் நிறுத்தும் சட்டங்கள் இருக்கின்றன. ஆள் நிமிர்ந்து நடக்கும் உயரத்தில் பேனலை அமைத்து அதன்கீழே நிழலைப் பயன்படுத்திக்கொள்ளவும் முடிகிறது. உயர்த்தினால் காற்றின் தாக்கம் கூடும் என்பதால் புயல் வீசும் கரையோர ஊர்களில் பொறியாளரின் ஆலோசனை அவசியம்.

பொதுவாக முதல் போட்டுப் பொதுவாகப் பயன் பெறுவது நமக்குப் புதிது இல்லை. மேட்டுப்பாளையம் அருகே ஓடந்துறை ஊராட்சி 2006-ல் வங்கிக் கடனும் தன் சேமிப்பும் சேர்த்து 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைச் சொந்தமாக நிறுவியது. ஊரின் தேவைக்குப் போக மிஞ்சியதை மின்வாரியத்துக்கு விற்றது. ஒரு சிற்றூர் அப்போது செய்துகாட்டியதை இன்று சூரிய மின்சாரத்தில் செய்வது இன்னும் எளிது. ஊருக்கு வெளியே ஒரு பொது இடத்தில் பேனல்களை நிறுத்தி, அதன் யூனிட்டுகளைப் பல வீடுகளின் கணக்கில் கழித்துக்கொள்ளும் முறைக்கு டெல்லியில் 2019-லேயே வழிகாட்டு நெறிகள் வந்தன. கூரையில்லாதவர், தென்னை நிழல் விழும் வீட்டுக்காரர், வாடகைக்கு இருப்பவர் எல்லோருக்கும் கதவைத் திறப்பது இதுதான். நம் ஒழுங்குமுறை ஆணையமும் பகிர்மானக் கழகமும் இதை எளிய குடும்பங்களால் பயன்படுத்த முடிகிற நடைமுறையாக்குவதற்கு முன்னுரிமை தர வேண்டும். 2011-ல் தொடங்கிய பசுமை வீடுகள் திட்டத்தில் ஏழைக் குடும்பங்களின் 300 சதுர அடி வீடுகளுக்குச் சூரிய விளக்குகள் தந்த மாநிலம் இது. அந்த அக்கறை அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும்.

போட்ட பிறகு பார்த்துக்கொள்வதுதான் பலர் பேசாத பகுதி. 2003-ல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. அரசும் மக்களும் சேர்ந்து சாதித்த காரியம் அது. கிணறுகளில் நீர் ஏறியதைப் பலரும் கண்டோம். ஆனால் தூர்வாராமல் விட்ட குழிகள் நாளடைவில் மூடிக்கொண்டன. பேனலுக்கும் இதே கதி வரலாம். தூசும் பறவை எச்சமும் படிந்தால் விளைச்சல் குறையும். ஒரு மூலையில் விழும் தென்னங்கீற்றின் நிழல்கூட அந்த வரிசை முழுவதையும் பாதிக்கும். கடலோரத்தில் உப்புக்காற்று இரும்புச் சட்டத்தைத் தின்றுவிடும்; துத்தநாகப் பூச்சு தரமாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு அல்ல. அதன் திறன் 25 டிகிரி வெப்பத்தில் அளக்கப்படுகிறது. சூடு ஏற ஏற விளைச்சல் குறையும். எனவே மே மாதத்தில் எதிர்பார்த்ததைவிடச் சற்றுக் குறைந்தால் ஏமாற்றிவிட்டார்கள் என்று பதற வேண்டாம். காற்று போகும்படி தளத்திலிருந்து இடைவெளி விட்டுப் பொருத்தினாலே பாதிச் சிக்கல் தீரும்.

சூர்ய கர் திட்டத்தில் பொருத்தும் நிறுவனம் ஐந்து ஆண்டு பராமரிக்கக் கடமைப்பட்டது. அதைப் பத்திரமாக எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரே தெருவில் பத்து வீடுகள் சேர்ந்து ஒரே நிறுவனத்திடம் கொடுத்தால் விலையும் படியும், பழுதுபார்க்க ஆளும் வருவார். நம் ஐ.டி.ஐ.களிலும் பாலிடெக்னிக்குகளிலும் படித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பத்து தெருவுக்கு ஒருவர் பேனல் துடைத்து, இணைப்புகளைச் சோதித்து, இன்வெர்ட்டர் கோளாறைப் பார்த்துத் தந்தால் அது அவருக்குப் பிழைப்பு, நமக்குப் பாதுகாப்பு.

பக்கத்து வீட்டாருடன் பேசிக்கொள்வதும் இதில் அடங்கும். புதிதாக மாடி எழுப்புபவர் அதன் நிழல் அடுத்த வீட்டுப் பேனலில் எப்போது விழும் என்று முன்கூட்டியே சொன்னால், பேனலை இடம் மாற்றி வைக்க அவகாசம் கிடைக்கும். மாடி கட்டும் உரிமை அவருக்கு உண்டு. போட்ட முதலைக் காக்கும் விருப்பம் இவருக்கும் உண்டு. பெரும்பாலான தெருக்களில் ஒரு மாலைப் பேச்சில் தீரக்கூடிய விஷயம்தான் இது.

தொடங்க நினைப்பவர்கள் கடந்த ஓராண்டின் ஆறு மின்கட்டண ரசீதுகளை எடுத்து வைத்துக்கொண்டு வீட்டில் எல்லோரும் சேர்ந்து பார்க்கலாம். எந்த மாதத்தில் யூனிட் கூடுகிறது, பகலில் எவ்வளவு செலவாகிறது, மின்வெட்டில் எது நிற்கவே கூடாது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளலாம். அந்தத் தாளோடு விற்பனையாளரிடம் போனால் பேச்சே வேறாக இருக்கும். மின்வாரியச் செயற்பொறியாளர் அலுவலகங்களில் மாதந்தோறும் நுகர்வோர் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கிறது. இப்போது அங்கே பெரும்பாலும் தனித்தனிப் புகார்களே போகின்றன. அடுத்த கூட்டத்துக்குத் தெருவாகச் சேர்ந்து போய், நம் டிரான்ஸ்பார்மர் இன்னும் எத்தனை கிலோவாட் சோலாரைத் தாங்கும் என்று கேட்கலாம். அந்த எண் தெரிந்தால் பெரிய கூரைக்காரர் ஒருவரே எல்லா இடத்தையும் எடுத்துக்கொள்ளாமல், தெருவில் யார் எவ்வளவு போடுவது என்று நாமே பேசி முடிவெடுக்க முடியும்.